பவளத்தின் காது நுனிகள்

சிவம் பிஸ்கற் தகரப் பேணியைத் திறந்தபோது உள்ளே இரண்டு காதுகள் இருந்தன.

முழுக் காதுகள் அல்ல, நுனிகள் மட்டும். ஒவ்வொன்றும் என் கட்டைவிரல் நீளம். மெல்லிய தோலில் வெட்டி, ஓரத்தை மடித்துத் தைத்து, வெளிப்பக்கம் பழுப்பு மயிரும் உட்பக்கம் வெளிறிய மயிரும் ஒட்டியிருந்தான். சிவத்துக்குத் தோல் உடுப்புத் தொழிற்சாலையில் வேலை. கைவேலையில் குறை சொல்ல முடியாது. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"எப்பிடி அங்கிள்?"

"என்ன உது?"

"என்ன கேள்வி இது? பவளத்துக்குத்தான். பசையும் கொண்டந்திருக்கிறன். சப்பாத்து ஒட்டுற பசை. ஏரிக்குள்ள இறக்கினாலும் கழராது."

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ஒரு நவம்பர் காலை. ரொறன்ரோவில் ஏரிக்கரையோரத்து மைதானத்தில் விவசாயக் கண்காட்சி. மாட்டுக் கொட்டகையில் மரத்தூளும் ஈரமயிரும் வறுத்த வெங்காயமும் கலந்து மணத்தன. எங்களுக்கு முன்னால் பவளம் நின்றது. பதினொரு மாத ஜேர்சிப் பெண் கன்று, நாகு. கண் பெரிது, முகம் அழகு. இரண்டு காதிலும் நுனி இல்லை. யாரோ கத்தரிக்கோலால் நேராக வெட்டிவிட்டதுபோல இருந்தன.

அந்தக் காதுகளால் ஒரு பெண்ணின் வேலை அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அன்று மத்தியானத்துக்குள் முடிவு தெரிந்துவிடும். சிவம் பசை மூடியைத் திறந்துகொண்டிருந்தான்.

வாலுக்கு உண்டு, காதுக்கு இல்லை

"மூடு" என்றேன். "விதி பதினாலு. நடுவரை ஏமாத்துற எண்ணத்தோட உடம்பில எதை ஒட்டினாலும் மாட்டை வெளியில அனுப்புவினம். மாட்டை மட்டுமில்லை, கொண்டந்தவரையும்."

"அப்ப வால்?"

கேள்வி நியாயமானது. பவளத்தின் வால் நுனியும் காதுகளோடு போய்விட்டது. அந்த இடத்தில் அப்போது நீளமாக, கருகருவென்று ஒரு குஞ்சம் தொங்கியது. அது சிவத்தின் மனைவி மலரின் கலியாணத்துச் சவரி. கொண்டைக்கு வைத்ததை இத்தனை வருடம் பிளாஸ்டிக் பையில் பத்திரமாக வைத்திருந்து, அன்று காலை தன் கையாலேயே கன்றின் வாலோடு பின்னிவிட்டிருந்தாள்.

"வாலுக்கு ஒட்டுமயிர் வைக்கலாம். விதி பதினாலு, உட்பிரிவு இரண்டு."

"வாலில வைச்சா ஏமாத்து இல்லை, காதில வைச்சா ஏமாத்தோ?"

"ஓம்."

"இது என்ன அங்கிள் சட்டம்?"

எனக்கும் தெரியாது. முப்பத்தொரு வருடம் இலங்கையில் அரசாங்க மிருக வைத்தியராக இருந்தவன் நான். எழுதிய சட்டத்தை ஏனென்று கேட்கும் பழக்கம் என் உத்தியோகத்தில் இல்லை. இது பரவாயில்லை என்றுதான் சொல்லவேண்டும். கிளிநொச்சியில் ஒருமுறை மாட்டுக் கண்காட்சிக்கு என்னை நடுவராகப் போட்டார்கள். ஒரு பெரிய மனிதரின் நாம்பன் காளை வந்தது, யானைக்குட்டி மாதிரி. விண்ணப்பத்தில் கிராமசேவகரின் முத்திரை இல்லை. திருப்பி அனுப்பினேன். பரிசு இரண்டாவதாக நின்ற எலும்பும் தோலுமான ஒன்றுக்குப் போனது. மூன்று மாதத்தில் எனக்கு இடமாற்றம் வந்தது. அந்தக் கடிதத்தில் முத்திரை ஒழுங்காக இருந்தது. ஏற்றுக்கொண்டேன்.

விதிப் புத்தகத்தில் இன்னொன்றும் இருந்தது. அதைத்தான் மாதக்கணக்காக இருவருக்கும் தலையில் அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். குளிரில் கருகி விழுந்த காது ஒரு குறையே அல்ல. அது வெளித்தோற்றம் மட்டும். பாலுக்கோ கன்று போடுவதற்கோ அதனால் ஒன்றும் வராது. நடுவர் அதற்காக ஒரு புள்ளிகூடக் குறைக்கக்கூடாது. உள்ளபடியே கொண்டுபோனால் குற்றமில்லை, மறைத்தால்தான் குற்றம்.

"மறைக்காட்டி எல்லாரும் கேப்பினமே, என்னெண்டு போனதெண்டு?" என்றான் சிவம்.

அது போன காரணத்துக்கு வருகிறேன்.

ஷாம்பூ மூடியும் பால் வாளியும்

மலரும் சிவமும் ரொறன்ரோவின் வோபர்னில் என் மகன் குடும்பம் இருந்த கட்டடத்திலேயே, நாலு மாடி கீழே இருந்தார்கள். மலருக்கு அப்போது முப்பத்தைந்து வயதிருக்கும். கிழமை நாட்களில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் ஷாம்பூப் போத்தல்களுக்கு மூடி திருகுவாள். எட்டு மணித்தியாலமும் நின்றபடி. ஒரே மூடி, ஒரே போத்தல்.

சனி ஞாயிறுகளில் விட்பிக்கு வடக்கே ஒரு பால் பண்ணைக்குப் போவாள். பண்ணைக்காரர் கெரிட், ஒல்லாந்தில் இருந்து வந்தவர். நாற்பது ஜேர்சி மாடுகள். முழங்கால் இரண்டும் தேய்ந்து தடியூன்றி நடந்தார். ஒரே மகள் வன்கூவரில் பல் வைத்தியர். மாட்டின் பல்லைக்கூடப் பார்க்க வரமாட்டாள் என்பார் கெரிட். அவர் ஒரு வசனத்துக்கு ஐந்தாறு சொல்லுக்கு மேல் செலவழிக்காத மனிதர். ஆகவே அவரை மொழிபெயர்ப்பது சுலபம்.

மலர் கை வைத்தால் உதைக்கிற மாடும் அசையாமல் நிற்கும். அதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். கெரிட்டும் கண்டார். முழங்கால் சத்திரசிகிச்சைக்குப் பிறகு கொட்டகையை முழுதாக அவளிடம் ஒப்படைக்கிற யோசனை அவருக்கு இருந்தது. பண்ணை ஓரத்தில் ஒரு சின்ன வீடும் சும்மா கிடந்தது. மலர் அந்த வீட்டு யன்னலுக்குத் துணி அளந்துவிட்டாள். அளந்ததை யாருக்கும் சொல்லவில்லை. சிவம் எனக்குச் சொன்னான்.

கண்காட்சிக்கு முந்திய டிசம்பரில் பிறந்த ஒரு நாகுக் கன்றை, நீயே வளர்த்துக் காட்டு என்று கெரிட் அவளிடம் கொடுத்தார். அதுதான் பவளம்.

நான் எதற்கு அங்கே போனேன்? வேறு எங்கே போவது? என் பட்டத்தைக் கொண்டுபோய் இந்த ஊர் அலுவலகத்தில் கொடுத்தபோது, மறுபடி படித்துச் சோதனை எழுதினால் பார்க்கலாம் என்று ஒரு படிவம் தந்தார்கள். அறுபத்திரண்டு வயதில். படிவம் மிக நேர்த்தியானது. நிரப்பவில்லை, ஆனால் இன்னும் வைத்திருக்கிறேன். சனிக்கிழமைகளில் மலரின் காரில் ஏறிப் பண்ணைக்குப் போய், யாரும் கேட்காத ஆலோசனைகளை மாடுகளுக்கும் மனிதருக்கும் வழங்கிக்கொண்டிருந்தேன்.

பட்டிப்பொங்கல்

ஜனவரி நடுப்பகுதி. தைப்பொங்கலுக்கு மறுநாள், மாடுகளுக்கான பட்டிப்பொங்கல், சனிக்கிழமையாக வாய்த்தது. மலர் ஒரு சின்னச் சட்டியில் பொங்கல் கொண்டு வந்திருந்தாள். அவளுடைய எண்ணம் எளிமையானது. கன்றுக்கு ஒரு பொட்டு, வாய்க்கு ஒரு பிடி பொங்கல். அவ்வளவுதான்.

"குளிப்பாட்டாமல் பொட்டு வைக்கிறதோ?" என்று ஒருவர் கேட்டார்.

"குளிருக்குள்ள வேண்டாம் அங்கிள். பொட்டு மட்டும் வைப்பம்."

"பிள்ளை, எதுக்கும் ஒரு முறை எண்டு இருக்கு. முதல் குளிப்பு, பிறகு பொட்டு, பிறகு பொங்கல். வெந்நீர் எண்டால் ஒண்டும் செய்யாது. நான் சொல்லுறன்."

ஆம். அந்த ஒருவர் நான்தான்.

என் பக்கத்து நியாயத்தையும் எழுதிவிடுகிறேன். அன்று வெயில் எறித்தது. வானம் நல்ல நீலம். பனி கண்ணைக் கூசவைத்தது. வெயிலைக் கண்டால் சூடு என்று அறுபது வருடம் பழகிய உடம்பு இது. கன்றுக் கூட்டுக்கு வெளியே வைக்கோலில் நின்றபோது முகத்தில் வெயில் பட்டது. இதமாக இருக்கிறது என்று என் வாயாலேயே சொன்னேன். வெப்பமானியைத் தண்ணீருக்குள் விட்டுப் பார்த்தேன், முப்பத்தெட்டுப் பாகை, மாட்டின் உடல் வெப்பத்துக்குச் சரி. அதே வெப்பமானியைக் காற்றில் பிடித்துப் பார்க்கத் தோன்றவில்லை. பிடித்திருந்தால் அது பூச்சியத்துக்குக் கீழே எங்கோ ஒளிந்திருக்கும்.

சிவம் தண்ணீர் சுமந்தான். நான் ஊற்றினேன். நாலு துவாயால் உடம்பைத் துடைத்தோம். முதுகு, வயிறு, கால் எல்லாம் காய்ந்தன. காதுக்கும் வாலுக்கும் மஞ்சள் தண்ணீர் தொட்டுத் தடவினேன், முறைப்படி. அதைத் துடைப்பது முறையில் இல்லை.

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படித்தபோது உறைபனிக் காயம் பற்றி ஒரு அத்தியாயம் இருந்தது. விரிவுரையாளர் புத்தகத்தை மூடாமலே ஏழு பக்கங்களைச் சேர்த்துத் தள்ளினார். "இது உங்களுக்குத் தேவைப்படாது" என்றார். வகுப்பு முழுவதும் சந்தோஷப்பட்டது.

மறுநாள் காலை பவளத்தின் காதுகள் மட்டை மாதிரி விறைத்திருந்தன. பிறகு வீங்கின. இரண்டு கிழமையில் நுனிகள் கறுத்து, காய்ந்த மிளகாய்த் தோல்போலச் சுருண்டு, ஒருநாள் வைக்கோலுக்குள் விழுந்தன. வால் நுனியும் அப்படியே. மலர் அவற்றைப் பொறுக்கி எடுத்து என் முன்னால் நீட்டினாள். ஏசி இரண்டு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

கேள்வியும் பதிலும்

கெரிட் தடியூன்றி வந்து கன்றின் காதைத் தூக்கிப் பார்த்தார்.

"யார் நனைத்தது?"

நான் வாயைத் திறந்தேன். உண்மையாகவே திறந்தேன். ஆனால் எனக்குள் ஒரு முன்னுரை தயாராகிக்கொண்டிருந்தது. தண்ணீரின் வெப்பம், துவாய்களின் எண்ணிக்கை, வெயிலின் நிலை. அது முடிவதற்குள் மலர் சொல்லிவிட்டாள்.

"நான்தான்."

கெரிட் காதைக் கீழே விட்டார். "ஜனவரியில் கன்றைக் குளிப்பாட்டுகிறவளுக்கு நாற்பது மாடு கொடுப்பதா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். சனி ஞாயிறு வேலை மட்டும் தொடர்ந்தது. கொட்டகைப் பேச்சு நின்றுபோனது. யன்னல் துணி எண்ணமும்.

காரில் வரும்போது கேட்டேன். "ஏன் பிள்ளை அப்பிடிச் சொன்னனீ?"

"உங்களைச் சொன்னா, இனி வர வேண்டாம் எண்டிருப்பார். நீங்கள் சனிக்கிழமையில வேற எங்க போவியள்?"

அறுபத்திரண்டு வயதில் அந்தக் கேள்வியைக் காரின் முன் ஆசனத்தில் இருந்து கேட்பது சுகமில்லை. நாளைக்கே கெரிட்டிடம் சொல்கிறேன் என்றேன். அந்த நாளை வருவதற்குப் பத்து மாதம் ஆனது. ஒவ்வொரு சனிக்கிழமையும் சொல்வதற்குத் தோதான ஒரு சந்தர்ப்பத்தை எதிர்பார்த்தேன். கெரிட் எப்போதும் ஏதாவது ஒரு மாட்டுக்கு அடியில் இருந்தார்.

கோடையில் அவராகவே ஒரு வழி சொன்னார். "நவம்பரில் கன்றைக் காட்சிக்குக் கொண்டு போ. முதல் ஐந்துக்குள் வந்தால் பேசுவோம்." மாட்டைத் தயார்செய்யத் தெரிந்தவள் என்று நடுவர் சொன்னால் தான் நம்புவதாக அர்த்தம்.

அதன் பிறகு மூன்று மாதம் நாங்கள் வேறெதுவும் கதைக்கவில்லை. மலர் தொழிற்சாலையில் இருந்து நேரே பண்ணைக்குப் போய்க் கன்றை நடக்கப் பழக்கினாள். தலையை உயர்த்தவும், கேட்டபோது நிற்கவும், பின்கால்களை முன்னும் பின்னுமாக வைக்கவும் சொல்லிக்கொடுத்தாள். சிவம் வீட்டில் இரகசியமாகக் காது தைத்துக்கொண்டிருந்தான். நான் காதுகள் குறையல்ல என்பதை நிறுவ இரண்டு பக்கத்தில் ஒரு விளக்கக் கடிதம் தயாரித்தேன், விதி இலக்கங்களோடு, மூன்று பிரதிகளில்.

வளையத்துக்குள்

மீண்டும் நவம்பர் காலைக்கு வருகிறேன்.

சிவம் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு பேணியை மூடினான். மலர் வெள்ளைச் சேட்டும் வெள்ளைக் காற்சட்டையும் போட்டிருந்தாள். அங்கே எல்லாரும் அப்படித்தான் போடவேண்டும்.

"சரியா இருக்கோ அங்கிள்?"

"சேட்டு வெளியில நிக்குது. உள்ள விடு. இலக்கத்தை முதுகில நேராக் கட்டு. நடுவர் கேக்கிறதுக்கு மட்டும் பதில் சொல்லு. பிறந்த திகதி கேட்பா. வேற ஆரும் நடுவரோட கதைக்கக்கூடாது, விதி ஒன்பது. கதைச்சா மாட்டை வெளியில..."

"அங்கிள்."

"என்ன?"

"கொஞ்சம் பேசாமல் நில்லுங்கோ."

குளிர்காலத்தில் பிறந்த கன்றுகளின் வகுப்பில் பதினொன்று. நானும் கெரிட்டும் வேலியோரம் நின்றோம். நடுவர் உயரமான பெண்மணி, கையைப் பின்னால் கட்டியபடி நடந்தார். மலர் கன்றின் முகத்தைப் பார்த்துப் பின்பக்கமாகச் சின்னச் சின்ன அடிவைத்து வந்தாள். பவளம் அவள் கையோடு தலையை உயர்த்தி நடந்தது. அவ்வளவு பேர் நடுவில் அவர்கள் இருவர் மட்டும் எங்கோ தனியாகப் போவதுபோல இருந்தது.  

நடுவர் எங்களுக்கு நேரே நின்றார். கன்றின் காதைத் தூக்கினார்.

"காதுக்கு என்ன நடந்தது?"

குளிர் என்று ஒரு சொல் சொன்னால் போதும். அது உண்மை. விதிப்படியும் சரி. நான் அதைத்தான் சொல்லப் பழக்கியிருந்தேன். ஆனால் மலர் கெரிட் நிற்பதைக் கண்டாள். அவருக்குச் சொன்ன கதையை மாற்ற அவளுக்கு மனம் வரவில்லை.

"ஜனவரியில் நான் குளிப்பாட்டினேன்" என்றாள்.

"இல்லை!"

கூட்டம் திரும்பிப் பார்த்தது. கத்தியவர் யார் என்று நானும் ஒரு கணம் பார்த்தேன்.

"அவள் இல்லை! நான் குளிப்பாட்டினேன்! அவள் வேண்டாம் என்றாள்! தண்ணீர் முப்பத்தெட்டுப் பாகை!"

நல்ல ஆங்கிலத்தில், இலக்கணப் பிழையில்லாமல் கத்தினேன். விளக்கக் கடிதத்தின் மூன்று பிரதிகளையும் வேலிக்கு மேலால் நீட்டிக்கொண்டிருந்தேன் என்று பிறகு சிவம் சொன்னான்.

மலர் என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்கு வராது. கன்றின் தலையை இறக்காமல், உதட்டை அசைக்காமல், தமிழில் மெல்லச் சொன்னாள்: "பத்து மாசம் கிடந்ததெல்லே அங்கிள். சொல்ல இப்பவோ நேரம் கிடைச்சது?"

சிவப்பு மேலங்கி போட்ட ஒருவர் வந்து என் முழங்கையைப் பிடித்தார். மரியாதையானவர். நடுவரோடு வெளியாள் பேசக்கூடாது என்ற விதியை எனக்கு விளங்கப்படுத்தினார். எத்தனையாவது விதி என்று நான் அவருக்குச் சொன்னேன். கன்றை இந்த முறை வெளியில் அனுப்பமாட்டார்கள், என்னை மட்டும்தான் என்றார். அதற்கு விதியில் இடமில்லை என்று சொல்ல வாயெடுத்து, வாழ்க்கையில் முதல் தடவையாகப் பேசாமல் விட்டேன்.

உருளைக்கிழங்குக் கடையடியில்

ஆகவே முடிவை நான் காணவில்லை. பொரித்த உருளைக்கிழங்கு விற்கும் ஒரு கடையின் பக்கத்தில் நின்று ஒலிபெருக்கியில் கேட்டேன். பேரன் வயதுப் பையன்கள் வினாகிரி தெளித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

முதலாம் இடம். இரண்டாம் இடம். நடுவர் ஒவ்வொன்றுக்கும் காரணம் சொன்னார். ஐந்தாவது வேறு யாரோ. ஆறாவது மலர்.

ஏனென்றால் முதுகு நடுவில் சற்றுத் தாழ்கிறது, தோள் இறுக்கமில்லை என்றார். கொண்டுவந்த விதம் மிக நன்று, வால் விசேஷமாக இருக்கிறது என்றார். காதுகளைப் பற்றி ஒரு சொல் இல்லை.

ஒரு சொல் இல்லை! பத்து மாதம். இரண்டு பக்கக் கடிதம். ஒரு பேணி நிறையத் தோல். எவரும் கவனிக்காத முதுகு. முப்பத்தொரு வருடம் மாடு பார்த்தவன் நான், அந்த முதுகைச் சனிக்கிழமைதோறும் தடவியவன், அது தாழ்கிறதென்று ஒருநாளும் கண்டதில்லை. காதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தடிச் சத்தம் கேட்டது. கெரிட் வந்து பக்கத்தில் நின்று உருளைக்கிழங்கு ஒரு பொட்டலம் வாங்கினார். எனக்கும் நீட்டினார்.

"முதுகு என் காளையின் முதுகு. அவள் பிழை இல்லை."

"ஆறாவது" என்றேன். "நீங்கள் ஐந்து என்றீர்கள்."

"எண்ணத் தெரியும்." கொஞ்சம் மென்றார். "கன்றை நனைத்தவளைக் கொட்டகைக்குள் விட எனக்குப் பயம். மற்றவன் பிழையைத் தன் தலையில் போட்டுக்கொண்டு பத்து மாதம் என் மாட்டைக் கறந்தவளைப் போகவிடமாட்டேன்." அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. பிறகு பழைய கணக்குக்குத் திரும்பினார்.

"திங்கள் காலை நாலரைக்கு வரச்சொல். நீ வராதே."

வாசல் அறிவித்தல்

மலர் அந்த மாதமே ஷாம்பூ மூடிகளிடம் இருந்து விடைபெற்றாள். இருவரும் பண்ணை ஓரத்து வீட்டுக்குக் குடிபோனார்கள். யன்னல் துணி முன்பே அளந்த அளவிலேயே இருந்தது. என்னோடு மூன்று கிழமை கதைக்கவில்லை. நாலாம் கிழமை சிவத்தைக் கார் கொண்டுவந்து கூட்டிப்போகச் சொல்லி அனுப்பினாள். கெரிட்டும் என்னைக் கண்டு தலையை ஆட்டினார், இருமுவதுபோல.

காதுகள் இப்போது என்னிடம் இருக்கின்றன. சிவம் தந்தான். "வைச்சிருங்கோ அங்கிள், நீங்கள்தானே ஆர் சொன்னாலும் கேக்காமல் செய்யிறனீங்கள்" என்றான். பேணியின் மேல் ஒரு லண்டன் பாலத்தின் படம்.

அடுத்த ஜனவரியில் பட்டிப்பொங்கலன்று பொங்கலும் சந்தனமும் எடுத்துக்கொண்டு பண்ணைக்குப் போனேன். அன்றும் வெயில் நன்றாக எறித்தது. கொட்டகைக் கதவில் ஒரு கடதாசி ஒட்டியிருந்தது. மலரின் கையெழுத்து, தமிழில்.

"பொங்கலன்று அங்கிள் உள்ளே வரலாம். வாளி வரக்கூடாது."

நின்று இரண்டு முறை வாசித்தேன். திகதி இல்லை. ஒப்பம் இல்லை. முத்திரை இல்லை. விதி இலக்கம்கூட இல்லை.

சால்வையால் கையைத் துடைத்துக் காயவைத்துவிட்டு உள்ளே போனேன்.